உங்க பக்கம் என்ன இருக்கு, அத்தை?

மே மாத விடுமுறையில் அண்ணன் மகள் நான்கு நாள் என் வீட்டில் தங்க வந்தாள். ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்: 'எங்கள் பகுதியின் முக்கிய இடங்கள்.' தாளில் மூன்று கட்டம் போட்டிருந்தது. இடத்தின் பெயர், கட்டப்பட்ட ஆண்டு, சிறப்பு. பத்து இடம் வேண்டுமாம்.

வேளச்சேரியில் வளர்கிற பிள்ளை. வகுப்பில் எல்லாரும் அதே ஏரியையும் அதே மாலையும் எழுதுவார்கள் என்று அவளே கணக்குப் போட்டு, அத்தை வீட்டுப் பக்கத்தை எழுதிவிடலாம் என்று வந்திருக்கிறாள். தண்ணீர் குடித்து முடித்ததும் கேட்டாள்.

"உங்க பக்கம் என்ன இருக்கு, அத்தை?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் அந்த 'உங்க பக்கம்' சுருக்கென்றது. அவளுடைய அப்பா பிறந்தது இந்த வீட்டில்தான். கல்யாணம் ஆன கையோடு தெற்கே போனவன், இப்போது தீபாவளிக்கு ஒருமுறை வந்து, டிராபிக்கைத் திட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போகிறான்.

"என்ன இல்ல?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். யோசித்தால் சட்டென்று ஒன்றும் வாயில் வரவில்லை. நாற்பத்தாறு வருடமாக வடசென்னையில், காலடிப்பேட்டையில் இருக்கிறேன். பாரிமுனையில், துறைமுகச் சரக்குக்குக் காகிதம் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். போகிற வழி, வருகிற வழி என்றுதான் இந்த ஊர் எனக்குப் பழக்கம். பார்க்கிற இடம் என்று எதையும் நினைத்ததில்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று மூன்று நாள் லீவு சொன்னேன்.

முதல் இடத்துக்கு வாசல்படியைத் தாண்டினாலே போதும். "காலடின்னா யாரோட காலடி?" என்று கேட்டாள். சின்ன வயதில் பெருமாளின் காலடி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது காலெட். ஜோசப் காலெட் என்று ஒரு வெள்ளைக்காரர் 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும். நெசவாளர்களைக் கொண்டுவந்து திருவொற்றியூரை ஒட்டிக் குடியேற்றினார். காலெட்பேட்டை நம் ஊர் வாயில் புகுந்து காலடிப்பேட்டையாக வெளியே வந்தது.

அந்தக் காலெட்டைப் பற்றி இங்கே ஒரு கதை உண்டு. அவரிடம் வேலை பார்த்த வீரராகவன் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். ஒருநாள் துரை பொறுமை இழந்து, 'இந்த நேரத்தில் உன் பெருமாள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார், சொல் பார்ப்போம்' என்று கேட்டார். வீரராகவன் கண்ணை மூடி, தேர் நகராமல் நிற்கிறது என்றார். ஆள் அனுப்பி விசாரித்தால் அதே நேரத்தில் தேர் நின்றிருக்கிறது. துரை அசந்துபோய், நீ இனிமேல் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று கட்டிக்கொடுத்ததுதான் எங்கள் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில். காஞ்சிபுரம் போய்வர நூற்றைம்பது கிலோமீட்டர் ஆகும். வீட்டுப் பக்கத்திலேயே மெட்ரோ வந்தும் என்னால் ஒன்பதரைக்கு ஆபீஸ் போய்ச் சேர முடியவில்லை. வீரராகவன் பெரிய ஆள்தான்.

அவள் இரண்டாவது கட்டத்தில் '1720 (சுமார்)' என்று எழுதிக்கொண்டாள். 'சுமார்' என்று போட்டால் மார்க் குறையுமோ என்று ஒரு கவலை. இந்தப் பக்கத்தில் அந்த 'சுமார்' இல்லாமல் ஒரு வரிகூட எழுத முடியாது என்று அப்போது எனக்கே தெரியாது.

அங்கிருந்து தேரடிக்கு ஷேர் ஆட்டோ. திருவொற்றியூர்க் கோயிலுக்கு ஆண்டு எழுதுவது ஆகாத காரியம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடியிருக்கிறார்கள் என்றால் ஆயிரத்து இருநூறு வருடத்துக்குக் குறையாது. இப்போது நிற்கிற கருங்கல் விமானம் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் வளைந்திருக்கும், யானை உட்கார்ந்து தூங்குகிற மாதிரி. தூங்கானை மாடம் என்று அதற்குப் பெயர். மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம் என்பதால் வருடம் முழுக்கக் கவசத்துக்குள்தான் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் திறப்பார்கள். அந்த மூன்று நாளும் டி.எச். ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மறக்காது. இங்கே ஒரு மண்டபத்தில் பாணினியின் வடமொழி இலக்கணம் பாடம் நடந்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது.

இதையெல்லாம் சொன்னபோது அவள் தலையாட்டினாளே தவிர எழுதவில்லை. மகிழ மரத்தடிக்கு வந்ததும்தான் பேனா அசைந்தது. சுந்தரர் ஏற்கெனவே கல்யாணம் ஆனவர். திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பார்த்து மனம் போய்விட்டது. உன்னைவிட்டுப் போக மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் செய்தால்தான் கல்யாணம். சுந்தரர் சாமியிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார். நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீ உள்ளே இருக்காதே, வெளியே மகிழ மரத்தடியில் போய் இரு. சாமி சரி என்று சொல்லிவிட்டு, நேரே சங்கிலியார் கனவில் போய், அவனை மரத்தடியில் சத்தியம் செய்யச் சொல் என்று போட்டுக்கொடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டார் சுந்தரர். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போய்விட்டது.

"சாமி ரெண்டு பக்கமும் பேசிட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். மாசித் திருவிழாவில் இந்தச் சத்தியத்தை மகிழடி சேவை என்று இன்னமும் நடத்துகிறார்கள். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு அந்தத் திருவிழா ஏன் பிடிக்கும் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு, இங்கே வேண்டாம்.

கோயிலிலிருந்து கிழக்கே நடந்தால் பட்டினத்தார் சமாதி. நடுவில் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரைலர் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர்கள். வண்டிக்கடியில் நிழலில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார் ஒரு டிரைவர். தக்காளி தாளிக்கிற வாசனை. அந்தப் பெட்டியில் இருக்கும் சரக்கின் காகிதம் ஒருவேளை என் மேஜையில்கூட இருக்கலாம். 'வண்டி இன்னும் உள்ள போகல' என்று போனில் கத்துகிற ஆட்களில் நானும் ஒருத்தி. காத்திருப்பது என்றால் ஒரு மனிதன் ரோட்டோரம் வெங்காயம் நறுக்குவது என்பதை நான் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

பட்டினத்தார் கையில் கரும்போடு ஊர் ஊராக அலைந்தார். நுனிக் கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது உத்தரவு. இங்கே இனித்தது. கடற்கரையில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாராம். என்னைச் சால் கவிழ்த்து மூடுங்கள் என்பார், மூடுவார்கள், வேறு இடத்திலிருந்து எழுந்து வருவார். ஒருமுறை மூடித் திறந்தால் லிங்கம் இருந்தது. இதில் எனக்கு எப்போதும் தோன்றுவது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். விளையாட்டு முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சமாதியைத் தாண்டினால் கடல். மணல் கிடையாது. கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், வடக்கே போகப் போகக் கல்லும் கூடவே வரும். கொஞ்ச தூரத்துக்கு ஒரு கல் வரிசை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அவள் இறங்க இடம் தேடினாள். "பீச் எங்க?"

பீச் உங்கள் பக்கம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. கோபத்தில் சொன்னதில்லை. நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்தால் வடக்கேதான் போகும். 1870களின் பிற்பாதியில் துறைமுகம் கட்டக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கிலேயே தங்கிவிட்டது. அப்படிச் சேர்ந்து சேர்ந்து அகலமானதுதான் மெரினா. சுவருக்கு வடக்கே மணல் வரத்து நின்றது. அலை வருவது நிற்குமா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையைத் தின்றுகொண்டே இருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கல்.

எங்கள் ஆயா மீன் விற்றவள். இந்தக் கல்மேல் உட்கார்ந்து கையை நீட்டி, "அந்தாண்ட ரெண்டு தெரு இருந்துச்சு, கோயிலு இருந்துச்சு, தென்ன மரம் இருந்துச்சு" என்பாள். அவள் கை காட்டுகிற இடத்தில் அலை இருக்கும். சின்னப் பிள்ளையில் நான் நம்பியதில்லை. கடலுக்குள் எப்படித் தெரு இருக்கும்? பெரியவளாகி மெரினாவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, தண்ணீரைத் தொடுவதற்குள் கால் கடுக்க நடந்தபோதுதான் ஆயாவின் தெரு எங்கே போயிற்று என்று புரிந்தது.

அண்ணன் மகள் பாறைமேல் உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். "இத எதுல எழுதறது? கட்டினதா இது?" கல் கொட்டியது கட்டினதாகுமா என்று எனக்கும் தெரியவில்லை. 'சிறப்பு' என்ற கட்டத்தில் அவள் எழுதியது: மணல் மெரினாவில் உள்ளது.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தோம். பதினோரு மணிக்குக் காற்று திசை மாறி மேற்கிலிருந்து வீசியது. அவள் எழுந்து உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று கேட்டாள். மேற்கே ஆலைகள் இருக்கின்றன, காற்று அங்கிருந்து வந்தால் இப்படித்தான், படு என்றேன். எனக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டது என்று அவளிடம் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கீழே போய் மின்விசிறியைப் போட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்தோம்.

மறுநாள் தெற்கே இறங்கினோம். தொண்டியார்பேட்டையில் யார் அந்தத் தொண்டியார் என்று கேட்டால் குணங்குடி மஸ்தான் சாகிபு. ராமநாதபுரச் சீமையில் தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் 1792-ல் பிறந்தவர். துறவியாக வந்து இந்தப் பக்கம் தங்கி, தாயுமானவர் மாதிரியே கண்ணி கண்ணியாகப் பாடினார். 1838-ல் காலமானார். தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் தொண்டியார். தர்காவில் அன்றைக்குக் கூட்டமில்லை. முக்காடு போட்ட அம்மாவும் பூ வைத்த அம்மாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பேய் பயம் தெளிய என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து நெரிசலிலேயே நகர்ந்து வண்ணாரப்பேட்டை வந்தோம். கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர். இன்றைக்கும் துணிதான், எம்.சி. ரோட்டில் நைட்டியிலிருந்து பட்டுவரைக்கும். மகளுக்கு ஒரு டாப்ஸ் எடுத்தோம். விலையைப் பாதிக்குக் கேட்டு, முக்காலுக்கு முடித்தேன். "அத்தை, அந்த அண்ணன் பாவம்" என்றாள். அந்த அண்ணன் பாவமே இல்லை.

பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா. அவளுக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான், எனக்கும். ரோட்டிலிருந்து படி ஏறினால் உயரத்தில் ஒரு நீளமான பூங்கா. அது ஏன் மாடியில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கீழே இருப்பது கோட்டை மதில். 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டார்கள், அப்புறம் ஹைதர் அலியின் குதிரைப்படை வாசல்வரை வந்துபோனது. பயந்துபோய்க் கருப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பினார்கள். செலவுக்கு ஊர்க்காரர்கள் வரி கட்ட வேண்டும் என்றார்கள். அந்த வரி ஒழுங்காக வசூலானதே இல்லை. மதிலும் போய்விட்டது. மிச்சம் இருப்பது இந்தத் துண்டும், சென்ட்ரல் பக்கத்தில் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரும்தான். யாரும் கட்டாத வரிக்கு ஒரு ரோடே இருப்பது இந்த ஊரில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

பூங்காவில் ராத்திரி ஷிஃப்ட் முடித்த ஒருவர் லுங்கியை முகம்வரை இழுத்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கல்லூரிப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்தார்கள். இருநூற்றைம்பது வருட மதில்மேல் தயிர்சாதம். எந்தப் படை வந்தாலும் தடுப்பதற்கென்று கட்டிய சுவர் இப்போது ஒரு மனிதனுக்குக் கொசு இல்லாத தூக்கம் கொடுக்கிறது. மகள் அவரைப் படம் எடுக்கப் போனாள். தூங்குகிறவரை எடுக்காதே என்று தடுத்தேன். நிழலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அதே ரோட்டில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. எங்கள் ஆயா கடைசிவரை அந்தப் பெயரைச் சொன்னதில்லை, கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பாள். 1782 பஞ்சத்தில் பட்டினியாக வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம், மணியக்காரர் சத்திரம். அதை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரிக்குத்தான் பின்னால் ஜார்ஜ் ஸ்டான்லி என்ற கவர்னரின் பெயர் வைத்தார்கள். 1938-ல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. கவர்னர் பெயர் போர்டில் இருக்கிறது. கஞ்சி வாயில் இருக்கிறது. வாசலில் ஒரு கூட்டம் தூக்குச்சட்டியோடு காத்திருந்தது, உள்ளே இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள். ஒரு தூக்கில் கஞ்சிதான் இருந்தது. மூடி சரியாக மூடாமல் வழிந்திருந்தது, அதனால் தெரிந்தது.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கல்மண்டபம் பக்கம் ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டு ராயபுரத்தைச் சுற்றினோம். ராயப்பர் என்றால் பேதுரு, புனித பேதுரு. படகோட்டிகள் கட்டிய அவருடைய கோயிலால்தான் ராயபுரம் என்று பெயர் வந்தது என்பார்கள். அதற்கு நாலு தெரு தள்ளிப் பார்சிகளின் அக்கினிக் கோயில், 1910-ல் கட்டியது, தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருக்கும் ஒரே கோயில். பார்சிகளைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது. வெளிக் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். 'சிறப்பு' என்ற இடத்தில் 'உள்ளே விட மாட்டார்கள்' என்று எழுதினாள், நான் திருத்தவில்லை. ராபின்சன் பூங்கா இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பர் 18-ஆம் தேதி கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம். என் தாத்தா அந்த மழையில் நனைந்ததாக வீட்டில் பேச்சு. வயதானவர்களைக் கேட்டால் ராயபுரத்தில் எல்லார் தாத்தாவும் அன்றைக்கு நனைந்திருக்கிறார்கள். பூங்கா அவ்வளவு பேரைக் கொள்ளுமா என்பது வேறு விஷயம்.

பக்கத்துத் தெருவில் திண்ணையில் கேரம் போர்டு. நான்கு பையன்கள், ஒரு பெண். சுற்றி வேடிக்கை பத்துப் பேர். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் ஜெயித்து வந்தார், ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். அதற்கு அப்புறம் போர்டில் பெண் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று ஆபீசில் ஒரு பையன் சொன்னான். இந்தப் பெண் ஸ்ட்ரைக்கரை வைத்து, தலையைச் சாய்த்து, சிவப்பைப் போட்டாள். ஃபாலோவும் போட்டாள். போர்டில் பவுடர் பறந்தது. மகள் என்னை மறந்து அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டாள்.

கடைசியில் ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரைக்கும் போனது. இதற்கு முன்னால் ரயில் விட்ட பம்பாயிலும் ஹவுராவிலும் அன்றைய முதல் கட்டிடங்கள் இப்போது இல்லை. அதனால் இந்தியாவில் இன்னும் நிற்கிற ரயில் நிலையக் கட்டிடங்களில் பழையது இதுதான். உயரமான தூண்கள், ஏதோ பெரிய மாளிகைக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். உள்ளே போனால் நாலு பேர். ஒரு மின்சார ரயில் வந்து நின்றது, ஒரு கீரைக்காரம்மா இறங்கினார், ரயில் போய்விட்டது.

"இவ்ளோ பெரிய விஷயத்துக்கு இவ்ளோ பேர்தானா?" என்றாள். எனக்கும் உள்ளுக்குள் ஒரு வருத்தம் உண்டு. இதே வேறு பக்கம் இருந்திருந்தால் விளக்குப் போட்டு, டிக்கெட் வைத்து, காபிக் கடை திறந்திருப்பார்கள். ஆனால் அப்படிச் செய்திருந்தால் அந்தக் கீரைக்காரம்மா கூடையை இறக்கிவைத்து, தூணில் சாய்ந்து, வெற்றிலை போட்டிருக்க முடியுமா? அவர் சாய்ந்த இடத்தில் தூண் வழவழவென்றிருந்தது. எத்தனை முதுகு.

சாயங்காலம் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்தது, இப்போது வடசென்னைப் பிள்ளைகள் அதைத் தங்கள் பாட்டி சொத்து மாதிரி பேசுவார்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாய்த்தூள் போட்டுக் கையால் பிசைந்து, பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டுக் கடைக்காரர் தருவார். கூட வாழைத்தண்டு சூப். சூப் எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார். மகள் நாலு முறை கேட்டாள்.

மூன்றாம் நாள் எண்ணூர். போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவள்தான் வரைபடத்தில் நீலமாக எதையோ பார்த்து அடம்பிடித்தாள். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம், முகத்துவாரம் என்போம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் புகைபோக்கிகள். நடுவில் மார்பளவு தண்ணீரில் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. சேற்றைக் கையால் துழாவிப் பிடித்து, பல்லில் கடித்துப் பிடித்திருக்கும் ஓலைப் பறியில் போடுவார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும்போது பறியைப் பிடிக்க வேறு என்ன இருக்கிறது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்த ஆற்றில் பரவியது. படகும் வலையும் கறுத்துப்போய், எண்ணெயை வாளியில் மொண்டு எடுத்தார்கள். கரையேறி வந்த ஒரு அம்மாவிடம் மகள், "ஆன்ட்டி, பல்லு வலிக்காதா?" என்று கேட்டாள். "பல்லு இருக்கறவரிக்கும் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை.

அந்த இடத்துக்கு அவள் எந்தக் கட்டமும் நிரப்பவில்லை. வீடு வரும்வரை பேசவும் இல்லை.

நாலாம் நாள் விடிகாலை நாலரைக்கு எழுப்பிக் காசிமேடு கூட்டிப்போனேன். அண்ணன் முந்தின ராத்திரியே போன் செய்திருந்தான், பிள்ளையைக் கொண்டுவிட வரும்போது நல்ல வஞ்சிரமாக இரண்டு கிலோ வாங்கி வா என்று. வாங்கிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

காசிமேட்டை மற்ற மாதங்களில் பார்த்தவர்களுக்கு மே மாதக் காசிமேடு அடையாளம் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலம். மீன் முட்டையிட்டுக் குஞ்சு பெருக்குகிற நேரம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. அத்தனை லாஞ்சும் ஒன்றோடு ஒன்று தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தது. ஒன்றின் மேல் ஏறினால் காலை நனைக்காமல் துறைமுகத்தின் மறுகோடிவரை நடக்கலாம் போல. சிலதைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். தச்சர் பலகை மாற்றுகிறார். ஒருவர் செயினில் என்ஜினைத் தொங்கவிட்டுக் கீழே படுத்திருக்கிறார். பையன் ஒருவன் வாயில் பீடியோடு படகின் பெயரைப் புதுப் பெயின்டில் எழுதிக்கொண்டிருந்தான், பாதி எழுதியிருந்தது, 'அந்தோணியா'வா 'அந்தோணியம்மா'வா தெரியவில்லை. நீல வலை மலை மலையாகக் கிடக்க, நடுவில் உட்கார்ந்து பெரியவர்கள் பொத்தல் தைத்தார்கள். வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கை பாட்டுக்கு முடிச்சுப் போடுகிறது. வாய் பாட்டுக்கு அரசியல் பேசுகிறது.

ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய் வந்திருந்தன. ஏலக் கூடத்தில் வழக்கமான கூச்சலில் கால்வாசி. தரையில் கூறு கூறாகக் கிழங்கான், காணாங்கெளுத்தி, கொஞ்சம் சங்கரா. மகள் ஒவ்வொரு கூறிலும் குனிந்து பார்த்தாள். செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன், கூச்சப்படாமல் விரலை விட்டாள். வஞ்சிரம் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. கண் உள்ளே போயிருந்தது. விலையைக் கேட்டேன். விற்ற அம்மா எனக்கு ஆயா முறை இருக்கும், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த ஊர்க்காரிதான நீ? இப்ப வந்து வஞ்சரம் கேக்கற?"

"எனக்கில்ல ஆயா. அண்ணனுக்கு. வேளச்சேரி."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கான் ஒரு கூறைப் பையில் அள்ளிப் போட்டாள். நாங்கள் கேட்கவே இல்லை. காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் கடைசி வரியை எழுதினாள். காசிமேடு மீன்பிடித் துறைமுகம். கட்டப்பட்ட ஆண்டு 1984. சிறப்பு: 61 நாள் மீனுக்கு லீவு. பத்து ஆகிவிட்டதா என்று எண்ணிப் பார்த்தாள். பதின்மூன்று. எதை அடிப்பது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் போன் வந்தது. அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடா, வஞ்சிரம் வாங்கிட்டாளா உங்க அத்தை?"

"அப்பா, இப்ப தடைக் காலம்பா. மீன் முட்ட போடுது. உனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. வண்டி ஹாரன் மட்டும் கேட்டது.

"ஆமால்ல" என்றான். அப்புறம் குரலை இறக்கி, "சரி, சென்னாகுனி கிடைக்குதா கேளு. ஆயா கத்திரிக்காய் போட்டுப் பண்ணும்" என்றான்.

கருவாட்டுக் கடை அந்தக் கோடியில். டீயை வைத்துவிட்டு எழுந்தோம்.